மெழுகு பொம்மைக்கும் பியானோவுக்கும் நடுவே: ஃப்ரான்ஸ் காலின் 'பாலைவன' ஆண்டுகள்

பிரெஞ்சுப் பாப் பாடகி ஃப்ரான்ஸ் காலைப் பற்றி எங்கே படித்தாலும் கதை இரண்டு பாகமாகத்தான் இருக்கும். முதல் பாகம் 1963 முதல் 1968 வரை: பதினாறு வயதுப் பெண், பொம்மை மாதிரி முகம், யூரோவிஷன் வெற்றி. இரண்டாம் பாகம் 1974 முதல்: மிஷெல் பெர்ஜேவின் பாடல்கள், பெரிய அரங்குகள், வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். நடுவில் இருக்கும் ஐந்து வருஷத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் ஒரே சொல்லில் கணக்கு முடித்துவிடுவார்கள்: 'பாலைவனப் பயணம்'. அதாவது, ஒன்றும் விளையாத காலம்.

அந்தப் பாலைவனத்தில் என்னதான் இருந்தது என்று பார்ப்பதே இந்தக் குறிப்பின் நோக்கம். இருந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. பிரெஞ்சில் வரிசையாக சிங்கிள் தட்டுகள், ஜெர்மனியில் தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வாழ்க்கை, இத்தாலியில் ஒரு போட்டி மேடை, பிரேசில் தாளத்தில் ஒரு விசித்திரமான பாட்டு, செர்ஜ் கென்ஸ்பூருடன் கடைசியாக ஒரு முயற்சி. பெரும்பாலானவை விற்கவில்லை, உண்மைதான். ஆனால் விற்காத தட்டு எல்லாம் வெற்றுத் தட்டு ஆகிவிடுமா?

(பெயரை 'கால்' என்றுதான் எழுதமுடிகிறது. நம் கைகால் நினைவு வந்தால் மன்னிக்கவும், வேறு வழியில்லை.)

பெயர்கூட அவருடையது இல்லை

நடு ஆண்டுகள் புரிய வேண்டுமென்றால் முதல் பாகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இயற்பெயர் இஸபெல். 1947 அக்டோபர் 9-இல் பாரிஸில் பிறந்தார். அப்பா ரொபேர் கால் பாடலாசிரியர். ஷார்ல் அஸ்னவூர் பாடிப் புகழ்பெற்ற 'லா மாம்மா' அவர் எழுதியதுதான். 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் முதல் தட்டு வெளியானபோது, இஸபெல் ஓப்ரே என்ற பாடகி ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால் பெயரை மாற்றினார்கள். 'ஃப்ரான்ஸ்' என்ற புதுப்பெயர் அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது அல்ல. பெரியவர்கள் வைத்தது.

அந்த நேரத்தில் பிரான்ஸில் 'யே-யே' அலை ஓடிக்கொண்டிருந்தது. யூரோப் 1 வானொலியின் 'சல்யூ லே கோப்பேன்' நிகழ்ச்சி, அதே பெயரில் வந்த பத்திரிகை, பதின்வயதினருக்காகவே பதின்வயதினர் பாடும் பாட்டுகள். ஃப்ரான்ஸுவாஸ் ஆர்டி, சில்வி வர்த்தான், ஷீலா ஆகியோரோடு காலும் அந்த அலையில் வந்தவர்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ஆர்டி தன் பாட்டைத் தானே எழுதுவார். காலுக்கு மற்றவர்கள் எழுதித் தருவார்கள்.

1964-இல் 'சாக்ரே ஷார்லமாஞ்', பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்த ராஜாவைக் கிண்டல் செய்யும் குழந்தைப் பாட்டு, அப்பா எழுதியது. பெரிய வெற்றி. பாடியவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. 1965-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் லக்ஸம்பர்க் சார்பில் பாடி முதலிடம். பாட்டு கென்ஸ்பூர் எழுதிய 'பூப்பே த ஸீர், பூப்பே த ஸோன்'. மெழுகால் ஆன ஒரு பொம்மை, தன்னைத் தானே பார்த்துப் பாடும் பாட்டு. காதலே அறியாமல் காதல் பாட்டுப் பாடும் பாடகிகளைப் பற்றிய நக்கல் அது. அதைப் பாடியவரும் அப்படி ஒரு பாடகிதான் என்பது கென்ஸ்பூரின் குறும்பு.

குறும்பு 1966-இல் எல்லை மீறியது. 'லே ஸுஸெத்', அதாவது லாலிபாப் பாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் மிட்டாய் விரும்பும் சிறுமியின் கதை. உள்ளே பச்சையான இரட்டை அர்த்தம். பாடியவருக்கு அது புரியவில்லை. சுற்றியிருந்த பெரியவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. ஊர் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே தலைகாட்டவே கூசியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. நீங்கள் 'மை வே' பாட்டைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள், ஃப்ராங்க் சினாட்ரா பாடியது. அதன் மூலம் க்ளோத் ஃப்ரான்ஸுவா 1967-இல் பாடிய 'கொம் தாபித்யூத்'. காலும் அவரும் பிரிந்ததன் வலியில் பிறந்த பாட்டு அது. ஆக, அடுத்தவர் எழுதிய பாட்டின் குரலாகவும், அடுத்தவர் பாட்டுக்குப் பொருளாகவும் இருந்தாகிவிட்டது. தன் பாட்டு என்று ஒன்று மட்டும் இல்லை.

ரைன் நதிக்கு அந்தப் பக்கம்

1968 முடியும்போது ஃபிலிப்ஸ் ஒப்பந்தம் முடிந்தது. யே-யே அலையும் அடங்கிப்போயிருந்தது. அந்த வருஷம் மே மாதம் பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்த பிறகு, மிட்டாய்ப் பாட்டுப் பாடும் பெண் என்ற உருவம் ஒரே நாளில் பழசாகிப்போனது மாதிரி ஆயிற்று. காலுக்கு இருபத்தொரு வயது. ஊர் அவரை 'முன்னாள்' என்று பார்க்க ஆரம்பித்திருந்தது.

ஆனால் 'பாலைவனம்' என்பது பிரான்ஸிலிருந்து பார்க்கும் பார்வை. அதே காலத்தில் ஜெர்மனியில் அவர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தார். 1966 முதல் 1972 வரை ஜெர்மன் மொழியில் தொடர்ந்து பதிவு செய்தார். பல பாடல்களுக்கு வெர்னர் ம்யூலரின் வாத்தியக் குழு. பிரேசிலின் ஷிக்கோ புவார்க்கே இசையமைத்த 'ஆ பாண்டா'வின் ஜெர்மன் வடிவம் 1968-இல் அங்கே வெற்றி பெற்றது.

அதே வருஷம் 'டெர் கொம்ப்யூட்டர் நும்மர் திரை', அதாவது 'மூன்றாம் எண் கணினி', ஜெர்மன் பாடல் போட்டியில் மூன்றாம் இடம். தனக்குப் பொருத்தமான பையனைக் கணினி தேடித் தரும் என்று நம்பும் பெண்ணின் பாட்டு. 1968-இல்! இன்றைக்குக் கல்யாணத் தளங்களில் வடிகட்டி வடிகட்டித் தேடுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். க்றிஸ்டியான் ப்ரூன் இசை, கியோர்க் புஷோர் வரிகள்.

1969-இல் 'ஒரு சிட்டிகை கோதே, ஒரு சிட்டிகை போனபார்ட்' என்ற பொருளில் ஒரு பாட்டு. கனவில் வரும் காதலன் பாதி ஜெர்மன் கவிஞன், பாதி பிரெஞ்சு வீரன் மாதிரி இருக்க வேண்டுமாம். ஜெர்மனிக்கு அவர் எப்படி விற்கப்பட்டார் என்பது இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது: பக்கத்து வீட்டு அழகான பிரெஞ்சுப் பெண். அந்த உச்சரிப்பில் இருக்கும் பிரெஞ்சு வாடைதான் சரக்கு.

இங்கே இன்னொரு பெயரைக் கவனிக்க வேண்டும். அந்த ஜெர்மன் தட்டுகளுக்கு இசையமைத்தவர்களில் ஜியோர்ஜியோ மொரோடரும் ஒருவர். பின்னாளில், 1977-இல், டோனா சம்மருடன் 'ஐ ஃபீல் லவ்' செய்து நடன இசையின் திசையையே மாற்றிய அதே ஆள். அப்போது அவரும் ஷ்லாகர் பாட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். அந்த ஜெர்மன் பாடல்களில் எதிர்காலம் எதுவும் கேட்காது. துள்ளலான தாளம், தெளிவான மெட்டு, அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் கேட்கும்: யாரோ எழுதியதை, தனக்குச் சொந்தமில்லாத மொழியில், சுருதி பிசகாமல், சரியான நொடியில் கொண்டுவந்து வைக்கும் தொழில்காரி. 'பொம்மை' என்று சொன்னவர்கள் இந்தத் திறமையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

லா கொம்பனி: எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்

பிரான்ஸில் 1969-இல் அவர் சேர்ந்த நிறுவனம் 'லா கொம்பனி'. புதிதாகத் தொடங்கிய சிறிய கம்பெனி. நொர்பேர் சாதா தயாரிப்பாளர். அப்பாவும் வரிகள் எழுதினார். சில வருஷங்களிலேயே கம்பெனி மூடப்பட்டுவிட்டது.

இந்தக் காலத்துத் தட்டுகளை வரிசையாகக் கேட்டால் ஒரு கடையில் சட்டை போட்டுப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஒன்றும் முழுசாகப் பொருந்தாது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அழகு இருக்கும்.

'லோராஜ்', அதாவது 'இடிமழை', 1969. இதன் இத்தாலிய மூலம் 'லா பியோஜ்ஜா', 'மழை'. அந்தக் காலத்து சான்ரேமோ விழாவில் ஒரே பாட்டை இரண்டு கலைஞர்கள் தனித்தனியாகப் பாடுவார்கள்; போட்டி பாடகர்களுக்கு இடையில் இல்லை, பாடல்களுக்கு இடையில். இந்தப் பாட்டை ஜில்யோலா சிங்க்வெத்தியும் காலும் பாடினார்கள். சிங்க்வெத்தி 1964 யூரோவிஷன் வெற்றியாளர், கால் 1965 வெற்றியாளர். அடுத்தடுத்த இரண்டு ராணிகளை ஒரே மழையில் நனையவிட்டார்கள்!

'லேஸ் ஆனே ஃபோல்', அதே வருஷம். ஆங்கிலப் பாடகி பார்பரா ரஸ்கினின் பாட்டைத் தழுவியது. தலைப்பு 1920-களைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் பெயர், 'பைத்தியக்கார ஆண்டுகள்'. பழைய காலத்து ஏக்கம் அப்போது ஒரு மோஸ்தர். இருபத்தொரு வயதுப் பெண் பாட்டிக் காலத்துக்கு ஏங்குகிறாள். யோசித்தால் விநோதம்தான். தன் காலம் தன்னைக் கைவிட்டால் வேறொரு காலத்தின் உடையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1970-இல் 'ஸோஸ்வா'. என் கணக்கில் லா கொம்பனி காலத்தின் சிறந்த பதிவு இதுதான். நெல்சன் ஆஞ்செலோ என்ற பிரேசில் இசையமைப்பாளரின் மெட்டு. வார்த்தையைவிட ஒலிக்குத்தான் வேலை அதிகம். ஷார்லமாஞ் பாட்டில் கீச்சென்று குத்திய அதே குரல் இங்கே தாளத்தின்மேல் மிதக்கிறது. எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. வெளியானபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய தட்டுத் தேடுகிறவர்கள் மத்தியில் பின்னால் தனி மவுசு.

இப்படி இத்தாலி, லண்டன், பிரேசில் என்று எல்லாத் திசையிலும் ஒரு கை பார்த்தார்கள். பாடகியின் திசை எது என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பச்சோந்தியும் பலூனும்

லா கொம்பனி கவிழ்ந்தபின், 1971-இல் அட்லாண்டிக் முத்திரையில் வந்தார். அரேத்தா ஃப்ராங்க்ளின், ரே சார்ல்ஸ் பாடிய அதே அமெரிக்க முத்திரையின் பிரெஞ்சுக் கிளை. பெரிய பெயர்தான், பயன் இல்லை. அந்த வருஷத்துப் பாட்டு ஒன்றின் தலைப்பு 'கமெலியோன், கமெலியோன்', பச்சோந்தி. யாரும் திட்டமிட்டு வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தலைப்பு வைக்கச் சொன்னால் இதைத்தான் வைக்க வேண்டும்.

1972-இல் பாத்தே மார்க்கோனி. இங்கேதான் கதை ஒரு சுற்று சுற்றி வருகிறது: மறுபடியும் கென்ஸ்பூர். லாலிபாப் அவமானத்துக்கு ஆறு வருஷம் கழித்து, அதே ஆளிடம் இரண்டு பாட்டு வாங்கினார்கள். 'ஃப்ராங்கன்ஸ்டைன்', 'லே பெத்தி பலோன்', அதாவது 'சின்னப் பலூன்கள்'.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று, வெவ்வேறு ஆட்களின் உறுப்புகளை ஒட்டவைத்து இன்னொருவன் உருவாக்கிய உயிரைப் பற்றியது. மற்றது, காற்றடைத்த பொம்மைப் பெண்ணைப் பற்றியது. 1965-இல் மெழுகு பொம்மை. 1972-இல் ரப்பர் பொம்மை. ஏழு வருஷத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி அந்தப் பாடலாசிரியருக்கு மாறாமல் இருந்த ஒரே எண்ணம் அதுதான் போலிருக்கிறது: நீ ஒரு பொம்மை. மூலப்பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

கென்ஸ்பூர் மட்டமான ஆள் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் 'மெலடி நெல்சன்' ஆல்பத்தைத் தந்திருந்தார். பிரெஞ்சுப் பாப் இசையின் உச்சங்களில் ஒன்று அது. இந்த இரண்டு பாட்டும்கூடச் சாமர்த்தியமானவையே. ஆனால் 1965-இல் அந்தக் குறும்பு எடுபட்டதற்குக் காரணம், பாடிய பெண்ணுக்குத் தான் என்ன பாடுகிறோம் என்று தெரியாதது. 1972-இல் அவருக்கு எல்லாம் தெரியும். பகடிக்கு ஆளாகிறவருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் பகடி செத்துவிடும். பாட்டைக் கேட்டால் அதுதான் நடக்கிறது: குரல் ஒழுங்காக எல்லாம் செய்கிறது, ஆனால் ஆள் உள்ளே இல்லை. தட்டு விற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கென்ஸ்பூரின் புதுப்பாட்டு எதையும் பதிவு செய்யவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் குரல்

பாத்தே காலத்தில் காலுக்கு உதவியாக வந்தவர் ஜான்-மிஷெல் ரிவா. ஜோ தஸேனுக்குப் பல வெற்றிப் பாடல்கள் எழுதிய கூட்டணியில் ஒருவர். 1967-இல் காலின் 'பேபே ரெக்கேன்' பாட்டிலும் பங்கு உண்டு. இவரோடு செய்த 'ஸேங்க் மினித் தமூர்' (ஐந்து நிமிடக் காதல்), 'லா கத்ரியேம் ஷோஸ்' (நாலாவது விஷயம்) 1972-இல் வந்தன; 'பார் ப்ளேஸீர்', 'ப்ளூ ஓ க மொய்' 1973-இல்.

கடைசியாகச் சொன்ன பாட்டின் தலைப்புக்கு 'என்னைவிட உயரமாக' என்று பொருள். இதையும் ஐந்து நிமிடக் காதலையும் கேட்டால் ஒரு மாற்றம் தெரியும். முகவாயைத் தூக்கிக் கத்தும் அந்தப் பழைய பாணி போய்விட்டது. சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் மூச்சு கேட்கிறது. இரண்டாம் பாகத்தில் எல்லோரும் வியந்த குரல் இங்கேயே பாதி வந்துவிட்டது. பெர்ஜே வந்து ஒரே நாளில் மந்திரம் போட்டு மாற்றிவிட்டார் என்ற கதை இந்தத் தட்டுகளைக் கேட்டவுடன் கலைந்துவிடும். குரல் தயாராக இருந்தது. பாட்டுதான் வந்து சேரவில்லை.

பாட்டு வந்த விதம் பலரும் சொல்லும் கதைதான். 1973-இல் வானொலியில் பெர்ஜேவின் 'அத்தான் மொய்' ('எனக்காகக் காத்திரு') பாட்டைக் கேட்கிறார். இந்த ஆள் எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. பிறகு ஒரு வானொலி நிகழ்ச்சியில் சந்தித்தபோது, தனக்குப் பாடக் கொடுத்திருந்த பாடல்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார். பெர்ஜேவுக்கு அவை பிடிக்கவில்லை; ஆனால் எழுதித் தருகிறேன் என்று உடனே குதிக்கவும் இல்லை. அவருடைய நிலைமையும் சரியாக இல்லை. அவரோடு வாழ்ந்த, அவர் தயாரித்த 'அமூரேஸ்' ஆல்பத்தால் புகழடைந்த வெரோனிக் சான்சோன் 1972-இல் அவரை விட்டு அமெரிக்கா போய்விட்டார். கால் விடவில்லை. 1974-இல் பெர்ஜேவின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்தார். இவர் எழுதினால் பாடுகிறேன், இல்லையென்றால் பாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். அதே வருஷம் 'லா தெக்லரசியோன் தமூர்' வந்தது. பாட்டின் நடுவில் பாடாமல் வெறுமனே பேசும் ஒரு பகுதி உண்டு. பதினோரு வருஷம் அடுத்தவர் வரியைப் பாடியவர், மெட்டுகூட இல்லாமல், சாதாரணக் குரலில் பேசுகிறார்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். பெர்ஜேவும் ஆண்தானே, அவர் எழுதியதைத்தானே கால் பாடினார்? பொம்மலாட்டக்காரன் மாறினான், பொம்மை மாறவில்லை என்று சொல்லலாமே?

சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் நடு ஐந்து வருஷத்தைக் கேட்காதவர்கள். 1963-இல் பெயரிலிருந்து பாட்டு வரை பெரியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1974-இல் தேர்ந்தெடுத்தது அவர். கொடுத்த பாட்டை வேண்டாம் என்றதும் அவரே, பிடித்த எழுத்தாளரைத் தேடிப்போய்க் கேட்டதும் அவரே. நாலு நிறுவனம், மூன்று மொழி, கணக்கில்லாத பாணி என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, எது தனக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்ட பிறகு வந்த 'வேண்டாம்' அது. சும்மா வருவதில்லை அந்தத் தெளிவு.

ஏன் இவை நம் காதுக்கு வருவதில்லை?

காரணம் பெரும்பாலும் சாதாரண வணிகம். அறுபதுகளின் பாடல்கள் ஒரு நிறுவனத்திடம், பெர்ஜே காலம் வார்னரிடம். தொகுப்புகள் இந்த இரண்டு குவியலிலிருந்துதான் வழக்கமாக வரும். நடுவில் உள்ளவை லா கொம்பனி, அட்லாண்டிக், பாத்தே என்று சிதறிப்போனவை; ஜெர்மன் பதிவுகள் வேறொரு மூலையில். 1968-க்குப் பிறகு அடுத்த புதிய பிரெஞ்சு ஆல்பம் வர ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை எல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வந்த சிங்கிள்கள். ஆல்பம் என்ற கூரை இல்லாத பாட்டுகள் எளிதில் தொலைந்துபோகும்.

இன்னொரு காரணம், கதைக்கு நாம் கொடுக்கும் வடிவம். சரிவு, பிறகு மீட்பு என்றால் சொல்ல எளிது. சரிவு ஆழமாக இருந்தால்தான் மீட்பு அற்புதமாகத் தெரியும். அதனால் நடுவில் இருந்தவற்றைப் பாலைவனம் என்று மூடிவிடுகிறோம்.

பிற்காலம் எல்லோருக்கும் தெரிந்தது: 1976-இல் பெர்ஜேவுடன் திருமணம், 'ஸ்டார்மேனியா' ராக் ஓபெரா, 1980-இல் 'நின்றபடி பியானோ வாசித்தவன்' பற்றிய பாட்டு, 1987-இல் எல்லா ஃபிட்ஜெரால்டுக்கு வணக்கமாக 'எல்லா, எல் லா'. 1992-இல் பெர்ஜே மாரடைப்பில் போனார். 1997-இல் மகள் போலீன். 2018 ஜனவரி 7-இல் கால் மறைந்தபோது அஞ்சலிகளில் மெழுகு பொம்மையும் பியானோவும் திரும்பத் திரும்ப ஒலித்தன.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'சாக்ரே ஷார்லமாஞ்', குரலின் தொடக்கம் காதில் இருக்கட்டும். அடுத்து கணினிப் பாட்டு, பிறகு 'லோராஜ்', 'ஸோஸ்வா'. அதன்பின் 'லே பெத்தி பலோன்'; ஒரு முறை போதும். பிறகு 'ஸேங்க் மினித் தமூர்', 'ப்ளூ ஓ க மொய்'. கடைசியில் 'லா தெக்லரசியோன் தமூர்'. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குதித்துக் குதித்துக் கேட்காமல் இதே வரிசையில் கேளுங்கள். கடைசிப் பாட்டில் அவர் பேச ஆரம்பிக்கும்போது, அது திடீரென்று வந்த குரல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.